திரைப்படம் வருவதற்கு முன் நார்னியாவை மறுபடியும் படிக்கலாமா?

கேள்வி: ராயபுரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி. எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கதை வரிசையில் 1955-இல் வெளிவந்த ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ (மந்திரவாதியின் மருமகன்) புத்தகத்தை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்துக்காக கிரெட்டா கெர்விக் திரைப்படமாக இயக்குகிறார் என்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரு தயக்கம் தீரவில்லை. வீட்டில் பேசிப் பார்த்தும் தெளிவு பிறக்கவில்லை. அந்தப் புத்தகங்களைச் சிறுவயதில் படித்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் அதைப் படித்தது 1994-இல், ஆறாம் வகுப்பில். எங்கள் பள்ளி நூலகத்தில் அந்த வரிசையின் ஏழு புத்தகங்களில் நான்குதான் இருந்தன. அவற்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதுகில் எண்ணை மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். அட்டைப்படம் எதையும் பார்க்காமல், உள்ளே பாலின் பெய்ன்ஸ் வரைந்த சிறு கோட்டோவியங்களை மட்டும் துணையாக வைத்துக்கொண்டுதான் அந்த உலகத்தை நான் மனத்துக்குள் கட்டிக்கொண்டேன்.

கல்மண்டபத்தை அடுத்த ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரே சுவரை இரண்டு இரண்டு வீடுகள் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் சந்து அது. எங்கள் மொட்டை மாடியில் ஏறினால், இடுப்பளவு கைப்பிடிச் சுவர்களைத் தாண்டித் தாண்டி, கீழே இறங்காமலே ஆறாவது வீட்டு மாடி வரை போய்விடலாம். நடுவில் காயும் வற்றலையும் கருவாட்டையும் மிதிக்காமல் போகத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கதையின் தொடக்கத்தில், லண்டனில் அதேபோல் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் வசிக்கும் பாலியும் டிகரியும், கூரைக்கு அடியில் எல்லா வீடுகளையும் இணைத்துக்கொண்டு ஓடும் இருட்டுப் பரண் வழியே, தளம் போடாத இடத்தில் ஒவ்வோர் உத்தரக் கட்டையாகக் காலை வைத்து நடந்து போவார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோதே இது வேறு நாட்டுக் கதை என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. டிகரியின் அப்பா இந்தியாவில் இருக்கிறார் என்று ஒரு வரி வரும். அவர் நம் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியிருப்பார் என்று நான் முடிவே செய்திருந்தேன்.

டிகரியின் அம்மா நோயில் படுத்திருப்பார். அந்த ஆண்டு என் அம்மாவும் படுத்திருந்தார். கதையின் முடிவில் டிகரி நார்னியாவிலிருந்து கொண்டுவரும் ஆப்பிளைத் தோல் சீவி, துண்டு துண்டாக நறுக்கி ஊட்டுவான். அவன் அம்மா பிழைத்துக்கொள்வார். அந்தப் பத்தியை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்தும் புத்தகத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். என் அம்மா ஆவணி மாதத்தில் இறந்துபோனார். புத்தகத்தை அப்பா கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு நான் அதைத் தொடவில்லை.

இப்போது என் மகளுக்குப் பத்து வயது. 2005-இல் வந்த முதல் நார்னியா படத்தைப் பார்த்திருக்கிறாள், இந்தப் புதிய படத்துக்கு இப்போதே நாள் எண்ணுகிறாள். படம் வருவதற்கு முன் புத்தகத்தை அவளோடு சேர்ந்து படிப்பதா, அல்லது படத்தை முதலில் பார்த்துவிடுவதா? படிப்பதென்றால் எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது? சாகக் கிடந்த தாய் ஒரு கனியைத் தின்று எழுந்திருக்கும் கதையைக் குழந்தைக்குக் கொடுப்பது சரிதானா என்பதே என் உண்மையான கேள்வி. மற்ற இரண்டும் அதற்குப் பிறகுதான்.

பதில்: காசிமேடு ஆசிரியர்

அன்புள்ள அம்மா, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் இருக்கும் நார்னியா புத்தகங்கள், மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாவதற்கு முன் அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கிய பஃபின் பிரதிகள். இந்தக் கதையை நான் பலமுறை படித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்: படம் வருவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

காரணம் ஒன்று சொல்கிறேன். பனி பெய்த காட்டுக்கு நடுவே நிற்கும் விளக்குக் கம்பத்தை நான் முதன்முதலில் படித்தபோது, என் மனத்தில் வந்து நின்றது மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பழைய இரும்புக் கம்பம். உப்புக் காற்றில் அதன் அடிப்பகுதி செதில் செதிலாக உரிந்திருக்கும்; விளக்கைச் சுற்றி எந்நேரமும் ஈசல் மொய்க்கும். பல ஆண்டுகள் நார்னியா என்றால் எனக்கு அந்தக் கம்பம்தான். 2005-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்த பிறகு, படத்தில் வந்த அழகிய கம்பம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு முயன்றாலும் என்னுடையதை என்னால் இப்போது முழுமையாக வரவழைக்க முடியவில்லை. படத்தைக் குறை சொல்லவில்லை, அது நல்ல படம். ஆனால் உங்கள் சந்தின் மொட்டை மாடி வழியாக நீங்கள் போய்ச் சேர்ந்த அந்தப் பரணை உங்கள் மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், அதற்கான காலம் படம் வருவதற்கு முன்புதான்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. லூயிஸ் 1898-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1908 ஆகஸ்ட்டில், அவருடைய தாயார் புற்றுநோயால் இறந்தார். அம்மா பிழைக்க வேண்டும் என்று தாம் வேண்டிக்கொண்டதையும் அது பலிக்காமல் போனதையும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தத் தன்வரலாறும் இந்தக் கதையும் வெளிவந்தது ஒரே ஆண்டில், 1955-இல். ஆக, அந்த ஆப்பிளை எழுதியவர் கையிலும் ஆப்பிள் கிடைக்கவில்லை அம்மா.

பதினொரு வயதில் நீங்கள் ஆப்பிளைப் படித்தீர்கள். இப்போது அதற்கு முன்னால் வரும் ஒரு பக்கத்தை நிறுத்திப் படியுங்கள். அம்மாவைக் குணப்படுத்த ஏதாவது தரமாட்டீர்களா என்று, நார்னியாவைப் படைத்த அஸ்லான் என்ற சிங்கத்திடம் டிகரி கேட்கிறான். அதுவரை அதன் காலையும் நகங்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன், தாங்க முடியாமல் தலை நிமிர்கிறான். அஸ்லானின் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகள் நிற்கின்றன. தன் அம்மாவுக்காகத் தன்னைவிடவும் அதிகமாக இந்தச் சிங்கம் வருந்துகிறதோ என்று அந்தப் பையனுக்கு ஒரு கணம் தோன்றுகிறது. அந்த இடத்தில் சிங்கம் எந்த வாக்குறுதியும் தருவதில்லை. கண்ணீர் முதலில் வருகிறது, கனி பல பக்கங்களுக்குப் பிறகுதான் வருகிறது. அந்த வரிசையில் எழுதியதனால்தான், தாயை இழந்த பிள்ளையும் இந்தப் புத்தகத்தைப் படிக்க முடிகிறது என்று நான் கருதுகிறேன். குழந்தைக்குத் தாராளமாகக் கொடுங்கள்.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. துணி அலமாரி வழியே நார்னியாவுக்குள் போகும் கதை 1950-இல் வந்தது. இந்தக் கதை அதற்கு முந்தைய காலத்தைச் சொன்னாலும் ஆறாவதாகவே வெளிவந்தது. கதையின் கால வரிசைப்படி படிக்கலாம் என்று 1957-இல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் லூயிஸ் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனாலும் புதிதாகப் படிப்பவர்களை நான் வெளிவந்த வரிசையிலேயே படிக்கச் சொல்வேன். விளக்குக் கம்பம் அங்கே எப்படி வந்தது என்ற புதிர், புதிராகவே இருந்து பிறகு அவிழ வேண்டும். உங்கள் மகள் முதல் படத்தைப் பார்த்துவிட்டதனால் அந்தப் புதிர் ஏற்கெனவே அவளிடம் இருக்கிறது. நேராக இந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: ஜட்காக்காரர் பேத்தி, பழைய வண்ணாரப்பேட்டை

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இருந்தாலும், இந்தப் புத்தகத்தை நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. என் தாத்தா ராயபுரம் ரயில் நிலையத்துக்கும் மண்ணடிக்கும் இடையே ஜட்கா ஓட்டியவர். கல்லூரியில் படிக்கும்போது இந்தக் கதையை எடுத்த நான், நார்னியாவின் முதல் அரசன் ஒரு குதிரைவண்டிக்காரன் என்ற இடத்துக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஃபிராங்க் என்ற அந்த வண்டிக்காரன், வேறோர் உலகத்திலிருந்து வந்த சூனியக்காரி லண்டன் தெருவில் நடத்திய அமளியில் தன் குதிரையை விட்டுப் பிரிய மனமில்லாமல், தற்செயலாக அந்தப் புது உலகத்துக்கு வந்து சேர்ந்தவன். அவனை அரசனாக்கும் முன் அஸ்லான் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள்: மண்வெட்டியும் ஏரும் பிடித்து மண்ணிலிருந்து உணவு எடுக்கத் தெரியுமா, இந்த உயிர்களை அன்போடும் நியாயத்தோடும் நடத்துவாயா, பகைவர் வந்தால் தாக்குதலில் முதலாகவும் பின்வாங்குதலில் கடைசியாகவும் நிற்பாயா. குலமும் கோத்திரமும் அங்கே கேட்கப்படுவதில்லை.

அதைவிட எனக்குப் பிடித்தது அவன் மனைவி வரும் இடம். அன்று அவளுக்குத் துணி துவைக்கிற நாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டபடி, முழங்கை வரை சோப்பு நுரையோடு அவள் அப்படியே நார்னியாவில் வந்து நிற்கிறாள். நல்ல உடுப்பு உடுத்திக்கொள்ள நேரம் கிடைத்திருந்தால் பார்க்கச் சகித்திருக்காது, இப்படி வந்ததனால்தான் அவள் அழகாக இருந்தாள் என்று லூயிஸ் எழுதுகிறார். கம்பெனியார் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியமர்ந்ததனால் பெயர் பெற்ற ஊரில் பிறந்தவள் நான். என் பாட்டியின் கைகளை நுரையில்லாமல் எனக்கு நினைவுக்கு வருவதே இல்லை. அந்தக் கைகளோடு ஒருத்தி ராணியானாள் என்று ஒரு புத்தகத்தில் படித்தது எனக்கு எவ்வளவு பெரிய செய்தி என்பதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

படம் இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சிங்கம் பாடப் பாட மலையும் மரமும் முளைக்கும் காட்சியை எந்த இயக்குநரும் விடமாட்டார், சாரன் என்ற செத்த நகரத்தின் சிவந்த சூரியனையும் விடமாட்டார். சோப்பு நுரை தப்பிக்குமா என்பதுதான் என் கவலை. அதனால் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பெரம்பூர் தகப்பன்

நான் என் மகனுக்கு இந்தக் கதையை ஆங்கிலத்தில் ஒரு பத்தி படித்து, தமிழில் ஒரு பத்தி சொல்லி, பதினைந்து அத்தியாயங்களையும் ஒரு மாதத்தில் முடித்தேன். அப்படிச் சொல்லும்போது ஒரு வியப்பு நேர்ந்தது, அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

தலைப்பில் வரும் மந்திரவாதியின் பெயர், ஆங்கிலத்தில் ‘அங்கிள் ஆண்ட்ரூ’ என்று எளிதாகப் போய்விடுகிறது. நான் தமிழில் தொடங்கியதும் மகன் குறுக்கிட்டு, அவர் பெரியப்பாவா மாமாவா என்று கேட்டான். ஆண்ட்ரூ, டிகரியின் தாயோடு பிறந்தவர். ஆகவே அவர் தாய்மாமன். அந்தச் சொல்லைச் சொன்ன உடனே கதையின் எடையே மாறிவிட்டது. மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டியவர், சீர் கொண்டுவந்து நிற்க வேண்டியவர், உடன்பிறந்தவள் சாகக் கிடக்கும் அதே வீட்டின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, அவள் பிள்ளையை மாய மோதிரத்தின் வழியே எந்த உலகம் என்றே தெரியாத இடத்துக்கு அனுப்புகிறார். அதற்கும் முன்னால், பக்கத்து வீட்டுப் பெண் பாலிக்கு மஞ்சள் மோதிரத்தைக் காட்டி ஏமாற்றித் தொட வைக்கிறார். தமக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருக்கிறார். தன் தாய்மாமன் என்றால் உயிரையே விடும் என் மகன், தாய்மாமன் இப்படிச் செய்வாரா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தான். ஆங்கிலத்தில் படித்தபோது ஒரு கிறுக்குப் பிடித்த கிழவராக மட்டுமே எனக்குத் தெரிந்தவர், தமிழில் பெரிய துரோகியாகிவிட்டார். மருமகன் என்று தலைப்பைச் சொன்னால் பிள்ளைகள் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்கள், தங்கை பிள்ளை அல்லது அக்காள் பிள்ளை என்று விளக்கிவிடுங்கள்.

வரிசையின் மற்றப் புத்தகங்களுக்கும் போவதாக இருந்தால், 1954-இல் வந்த ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’ கதையை மட்டும் நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிடுங்கள். தெற்கே இருக்கும் காலர்மன் நாட்டு மக்கள் கறுத்த நிறமும் தலைப்பாகையும் உடையவர்களாகவும், பெரும்பாலும் கொடியவர்களாகவும் வருகிறார்கள். வடக்கே இருக்கும் நல்லவர்கள் வெளுத்த நிறத்தவர்கள். சிறுவயதில் இது எனக்கு உறைக்கவே இல்லை. என் மகன் அந்த வருணனை வந்ததும் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். அன்றைக்குக் கதையை நிறுத்திவிட்டு நாங்கள் வெகுநேரம் பேசினோம். அதே நாட்டுப் பெண்ணான ஆரவிஸ் கதையின் துணிச்சல்காரி என்பதையும் சேர்த்தே பேசினோம். புத்தகத்தை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் குழந்தையைத் தனியே அதனுள் விடக் கூடாது.

பதில்: தண்டையார்பேட்டை

படித்துவிட்டுப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள், நானும் ஒப்புகிறேன். ஆனால் படித்து முடிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் நடுவே சில மாதங்கள் இடைவெளி விடுங்கள். பொன்னியின் செல்வன் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30-இல் வெளியானபோது, அதற்கு முந்தைய ஆறு வாரங்களில் ஐந்து பாகங்களையும் விடாமல் படித்து முடித்துவிட்டுத் திரையரங்குக்குப் போனேன். படம் ஓடிய நேரமெல்லாம் என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது: மணிமேகலை எங்கே, இந்த உரையாடல் ஏன் இடம் மாறியது, இது இங்கே வரக் கூடாதே. பள்ளி நாள்களில் படித்த நினைவோடு மட்டும் வந்திருந்த என் அக்காள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கண் கலங்கப் பார்த்தார். இரண்டாம் பாகத்துக்கு 2023 ஏப்ரலில் புத்தகத்தைத் தொடாமலே போனேன். அப்போதுதான் எனக்குப் படம் பார்க்கக் கிடைத்தது. உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது, ஆகவே இன்றே தொடங்கிவிடுங்கள்.

ராயபுரம் வாசகி, மூன்று வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த மறுநாளே நடைபாதைக் கடையில் ஒரு பழைய பிரதி கிடைத்தது. மாலை வெயில் இறங்கியதும் மொட்டை மாடியில் பாய் விரித்து, மகள் ஆங்கிலத்தில் படிக்க, நான் தமிழில் சொல்லி வருகிறேன். பரண் அத்தியாயம் முடிந்த அன்று, உத்தரக் கட்டைகளை எண்ணுவதாகச் சொல்லி, கைப்பிடிச் சுவர்களைத் தாண்டி ஆறாவது வீடு வரை போய்விட்டு வந்தாள். அங்கே இப்போது மூன்று மாடிக் கட்டடம் எழும்பிவிட்டதனால், அதற்கு மேல் போக முடியவில்லை என்று வருத்தப்பட்டாள். சாரன் நகரத்தில் மணியை அடிக்கக் கூடாது என்று பாலி தடுக்கும்போது, டிகரி அவள் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு சுத்தியலை எடுத்து அடித்துவிடுகிறான். அதை நான் அடியோடு மறந்திருந்தேன். அவனை எப்போதும் தாய்க்காக அழும் பிள்ளையாகவே நினைவில் வைத்திருந்திருக்கிறேன். மகள் அவனை மன்னிக்க நான்கு நாள் ஆயிற்று.

ஐயா சொன்ன பக்கம் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நேற்று அதைப் படித்தோம். என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை, அவளையே இரண்டு முறை ஆங்கிலத்தில் படிக்கச் சொன்னேன்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் படிக்கும்போது என் அப்பா மாடியின் மறுபக்கத்தில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருப்பார், கதையில் கலந்துகொள்ள மாட்டார். நேற்று எழுந்து கீழே போகும்போது, ஆப்பிளை நறுக்கிக் கொடுக்கிற இடம் எப்போது வரும் என்று கேட்டார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. 1994-இல் புத்தகத்தை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை, நான் தூங்கிய பிறகு அகராதியை வைத்துக்கொண்டு, நான் மடித்து வைத்திருந்த கடைசி அத்தியாயத்தை மட்டும் நான்கு இரவுகள் படித்ததாகச் சொன்னார். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பது அவருக்கு இத்தனை ஆண்டுகளாகத் தெரியாது.

முதல் பன்னிரண்டு அத்தியாயங்களையும் நேற்று இரவே அவருக்குச் சொல்லி முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை மூவருமாக மாடியில் உட்காருகிறோம். கடைசி அத்தியாயத்தைத் தாமே படிப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார்.